முகவர் வந்தார், சட்டை நீலம்

சுற்றறிக்கை வந்த அன்றைக்கே ரிஜிஸ்டர்காரர் ஒரு ஜீப்பை ஒதுக்கிவைத்துவிட்டார். கம்பீரமாக இருக்கும் இரண்டு காவலர்களைப் பொறுக்கியெடுத்து, பித்தளைப் பொத்தான்களைத் துலக்கிக்கொண்டு வரச் சொன்னார். காத்திருப்பு அறை நாற்காலியில் நொண்டிக்கொண்டிருந்த ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் செருகினார். திங்கட்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் தலைமை அலுவலக வாசலில் நின்றுகொண்டு, முகவரை எதிர்பார்த்துத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஜிஸ்டர்காரர் என்பது அவருக்கு ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர். உத்தியோகம் பேருந்து நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. ஆளோ லாரியோ டயரோ, அவருடைய பதிவேட்டில் ஏறாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஒருமுறை இயக்குநரின் மாமியாரையே வெயிலில் நிறுத்தி, கைப்பையில் என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டவர் அவர். அதற்குப் பிறகு ஐந்து வருடம் பதவி உயர்வு பக்கத்தில்கூட வரவில்லை. ஆனாலும் பதிவேட்டில் அந்த மாமியார் வரியை அவர் அடிக்கவில்லை.

சுற்றறிக்கையின் வாசகம் இது: "வரும் திங்கள் முதல் நடமாடும் முகவர் ஒருவர் ஒன்பது பணிமனைகளுக்கும் சென்று, ஓடத் தகுதியான பேருந்துகளின் எண்ணிக்கையைத் திரட்டிக்கொண்டு தலைமை அலுவலகம் திரும்புவார். அவருடைய பாதுகாப்பு முழுவதற்கும் பாதுகாப்பு அதிகாரியே பொறுப்பு."

பத்து மணி ஆயிற்று. முகவர் வரவில்லை. பதினொன்றுக்குக் காவலர்களில் ஒருவர், "சார், காலு மரத்துப் போச்சு" என்றார். ரிஜிஸ்டர்காரர் சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் இருக்கும் கணினிப் பிரிவுக்கு ஏறினார்.

அங்கே புரோகிராமர் மேடம் ஒருத்திதான் எப்போதும் நிமிராமல் வேலை பார்ப்பாள். ரிஜிஸ்டர்காரர் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற ரகம்.

"மேடம், அந்த முகவர் எந்த வண்டியில வர்றாரு? நாங்க காலையிலேருந்து நிக்கறோம்."

"யாரு?"

"நடமாடும் முகவர்."

அவள் சுற்றறிக்கையை வாங்கிப் படித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடித்த பிறகுதான், எதிரே நிற்கிற மனிதரின் முகம் சுண்டிப்போயிருப்பதைக் கவனித்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். தப்பு உங்க மேல இல்ல. தட்டச்சு செஞ்சவர் மரியாதைக்கு 'அவர்'னு போட்டுட்டாரு. அது ஆள் இல்ல, ஒரு புரோகிராம். உக்காருங்க, சொல்றேன்."

சொன்னாள். சாதாரண புரோகிராம் ஒரே கணினியில் கிடக்கும். இது அப்படியில்லை, தானே கிளம்பிப் போகும். முதல் பணிமனையின் கணினிக்குள் நுழையும். மெக்கானிக்குகள் அன்றாடம் பதிகிற பிரேக், டயர், கதவு விவரங்களையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து எண்ணும். விடையைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டாவது பணிமனைக்குப் போகும். இப்படியே ஒன்பதையும் சுற்றிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்கு வரும்.

"இன்னிக்குக் காலையில ஒம்பது மணிக்கே போயிட்டு வந்தாச்சு சார். மொத்தமே ஒரு நிமிஷம்தான்."

ரிஜிஸ்டர்காரர் தாடையைத் தடவினார். "என் வாசல் வழியா வரலியே?"

"கம்பி வழியா."

"சரி. அவன் நம்ம ஆளுதான்னு அந்தப் பணிமனைக் கணினிக்கு எப்படித் தெரியும்?"

"கையெழுத்து இருக்கு. வேற யாரும் போட முடியாது."

"அவன் அங்க போயி ஏதாவது திருடினா?"

"அதுக்குத்தான் வெளியிலேருந்து வந்த ஆலோசகர் கணினிக்குள்ள பெரிய சுவர் கட்டியிருக்காரு. முகவர் எண்ணறதைத் தவிர வேற எதையும் தொட முடியாது."

"நல்லது. அவனை யாராவது திருடினா?"

அவள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள்.

"நான் சொல்றது என்னன்னா," என்றார் அவர், "முகவர் அஞ்சாவது பணிமனைக்குள்ள நுழையறான்னு வைங்க. அப்ப அவன் பையில நாலு பணிமனையோட விடை இருக்கு. அவன் நுழைஞ்சது அடுத்தவன் வீடு. வீட்டுக்காரன் அவன் பையைப் பிரிச்சு, உள்ள இருக்கறதை மாத்தி, திரும்பக் கட்டி அனுப்பினா? பாவம், அவனுக்கே தெரியாதே. அவன் பாதுகாப்புக்குத்தானே என்னைப் பொறுப்பாக்கியிருக்காங்க?"

"சார், ஆறு மாசமா மீட்டிங் நடக்குது. இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேக்கல."

கேள்வியைக் கேட்பதற்கு வாய்ப்பு அந்த வாரமே கிடைத்தது. மீட்டிங்குக்கு அந்த ஆலோசகர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், பளபளவென்று காலணி. திரையில் வெங்காயம் போல் அடுக்கடுக்காக வட்டங்கள் போட்டு, ஒவ்வொரு அடுக்கும் என்ன செய்யும் என்று விளக்கினார். கெட்ட முகவர்கள் வெளியிலிருந்து வருவார்களாம். அவர்களைப் பிடிக்கத் தலைமை அலுவலகத்தின் முகப்பில் 'வரவேற்புக் கணினி' என்று ஒன்றை வைத்திருக்கிறாராம். உள்ளே வருகிற எதுவானாலும் அங்கே நின்று, சோதனைக்கு உட்பட்டு, தொற்று நீங்கிய பிறகுதான் இயக்குநரின் மேசைக்குப் போகுமாம். இயக்குநர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஆட்டுகிற வேகத்துக்கு மேசையைச் சுற்றி இருந்தவர்களும் ஆட்டினார்கள்.

ரிஜிஸ்டர்காரர் கையைத் தூக்கினார். "நம்ம முகவருக்கு மத்தவங்ககிட்டேருந்து என்ன பாதுகாப்பு?"

"அருமையான கேள்வி," என்றார் ஆலோசகர். "அது மூன்றாம் கட்டத்துல வருது."

"இப்ப எத்தனையாவது கட்டம்?"

"முதல் கட்டத்தோட முதல் பகுதி."

ஆனாலும் முகவர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திங்கள்தோறும் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, ஒரே எண்ணைக் கொண்டுவந்தது: மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேருந்துகள், ஓடத் தகுதியானவை நானூற்றொன்பது. இயக்குநர் அந்த எண்ணைப் பெரிதாக அச்சடித்து எல்லா நிறுத்தங்களிலும் ஒட்டச் சொன்னார்.

ரிஜிஸ்டர்காரரின் மனைவிக்கு அரசு மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வருகிறவள். ஒருநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"உங்க முகவர் பஸ்ல ஏறிப் பாத்தாரா, இல்ல வாசல்லேயே நின்னு எண்ணிட்டுப் போயிட்டாரா?"

"ஏன்?"

"இன்னிக்கு வந்த பஸ்ல கதவைக் கயித்தால கட்டியிருந்தாங்க. இறங்கறவங்க முடிச்சை அவுத்துட்டு இறங்கணும், அப்புறம் ஏறினவங்க கட்டணும். ஒரு அம்மாவுக்கு முடிச்சு அவுக்கத் தெரியல, அடுத்த ஸ்டாப்புக்குப் போயிட்டாங்க. கண்ணாடியில பெரிசா ஒட்டியிருக்கு, நானூத்தொம்பதுன்னு."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சொன்ன அந்த ஒரு வண்டி மீதமுள்ள மூன்றில் ஒன்றாக இருக்கலாம்தான். ஆனால் அவர் மனக்கண்ணில் ஓர் உருவம் வந்து நின்றது: பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பணிமனை பணிமனையாகப் போகிற ஒரு அப்பாவி. பின்னாலிருந்து எவனோ அவன் பைக்குள் கைவிடுகிறான். அவனுடைய பாதுகாப்புக்குப் பொறுப்பு இவர்; எழுத்தில் இருக்கிறது.

மறுநாளே தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். ஒன்பது பணிமனைக் காவலர்களுக்கும் ஒரு குறிப்பு அனுப்பினார்: முகவர் வரும் நேரம், போகும் நேரம், கையில் கொண்டுவந்தது, கொண்டுபோனது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த திங்கள் ஒன்பது பதில்களும் வந்தன. மூன்றாம் பணிமனைக் காவலர் நேர்மையானவர், "முகவர் இதுவரை வரவில்லை. வந்தால் உடனே தெரிவிக்கிறேன்" என்று எழுதியிருந்தார். ஏழாம் பணிமனைக் காவலர் அனுபவசாலி. "முகவர் வந்தார். சட்டை நீலம். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பையைச் சோதித்தேன், ஆட்சேபகரமாக ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

ரிஜிஸ்டர்காரர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஏழாம் பணிமனையிலிருந்து வந்த பதிவேடுகள் அத்தனையும் நினைவுக்கு வந்தன.

தாளை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். மேடம் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"காகிதம் வேணாம் சார். ஆளுங்க எழுதினா இப்படித்தான். உங்க வாசல்ல சரக்கு வெளிய போகும்போது என்ன பண்றீங்க, அதைச் சொல்லுங்க."

"மூணு பிரதி. ஒண்ணு டிரைவர் கையில. ஒண்ணு நம்மகிட்ட. மூணாவதை சரக்கு போய்ச் சேர்ற வாசலுக்கு முன்கூட்டியே அனுப்பிடுவோம். வழியில மூட்டையை மாத்தினா, டிரைவர்கிட்ட இருக்கறதை மாத்தலாம். எங்ககிட்ட இருக்கறதை மாத்த முடியாது."

"மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாப்பீங்களா?"

"எதுக்கு? மேல அரக்கு முத்திரை இருக்கும். முத்திரை அதேதானான்னு பாத்தா போதும்."

மேடம் ஒரு காகிதத்தில் வேகமாகக் கட்டங்கள் போட்டாள். ஒவ்வொரு பணிமனைக் கணினியும் தன் விடையைத் தன் முத்திரையோடு பையில் போடும். முகவர் நுழையும்போதும் கிளம்பும்போதும் பையிலுள்ள விடைகளையும் முத்திரைகளையும் குறித்து ஒரு சீட்டு நேராக அவள் மேசைக்கு வரும். ஒருவர் விடையில் இன்னொருவர் ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை வேறாகிவிடும்.

"இதுக்குப் படிச்சவங்க பெரிய பெரிய பேரெல்லாம் வச்சிருக்காங்க சார்."

"பேரு கிடக்கட்டும். செய்ய முடியுமா?"

"பத்து கணினிக்கும் வாசல் புரோகிராம் ஒண்ணுதான். ஒரு இடத்துல எழுதினா எல்லாத்துலயும் வந்துடும்."

"பத்தா? பணிமனை ஒம்பதுதானே?"

"பத்தாவது நம்மளோடது. வரவேற்புக் கணினி."

பத்து நாள் அவள் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிட்டு அதை எழுதி முடித்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மூன்றாம் கட்டம் என்பார்கள். பாதுகாப்பு அதிகாரி எழுத்தில் கேட்டுக்கொண்டார் என்று அவர் கொடுத்த துண்டுச்சீட்டைக் கோப்பில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். சீட்டுகள் வரத் தொடங்கின. அவர் தன் பழக்கப்படி ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் பணிமனை: ஐம்பதில் முப்பத்தாறு. முத்திரை சரி. இரண்டாவது: நாற்பத்து நான்கில் இருபத்தொன்பது. சரி. ஏழாவதை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், அதுவும் சரி. நீலச் சட்டை என்று எழுதிய காவலர் எப்படியோ, அங்கே கிரீஸ் கையோடு பதிகிற மெக்கானிக் உண்மையைத்தான் பதிந்திருந்தான். ஒன்பது பணிமனைகளும் முடிந்தன. ஒரு முத்திரையும் மாறவில்லை. மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

"யாருமே மாத்தலியே!" என்றார் அவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருடனைத் தேடியவருக்கு, ஒன்பது வீட்டிலும் யோக்கியன் இருப்பது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"இருங்க சார். இன்னும் ஒரு வீடு பாக்கி."

வரவேற்புக் கணினிக்குள் முகவர் நுழைந்ததற்கான சீட்டு வந்தது: இருநூற்றுத் தொண்ணூற்றொன்று, ஒன்பது முத்திரைகள், எல்லாம் சரி. மற்ற இடங்களில் நாலைந்து நொடியில் கிளம்பியது, இங்கே இருபது நொடி நின்றது. பிறகு வெளியேறியதற்கான சீட்டு வந்தது. நானூற்றொன்பது. ஒன்பது முத்திரைகளில் ஒன்றுகூடப் பழையதில்லை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மேடம் வரவேற்புக் கணினியைத் துருவினாள். அதன் விதிகளில் ஒன்று எளிய மொழியிலேயே இருந்தது: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்குக் குறைவான விடை எதுவானாலும் அது தொற்றுள்ள விடை, தனிமை அறையில் அடைத்துவிட்டு அதன் இடத்தில் ஆரோக்கியமான விடையை வைக்கவும். தனிமை அறை என்ற பெட்டியைத் திறந்தாள். இத்தனை வாரமாக ஒன்பது பணிமனைகளும் சொன்ன உண்மை அத்தனையும், எந்தப் பேருந்துக்கு எந்தப் பிரேக் என்பது வரை, ஒன்றுவிடாமல் அங்கே அடைபட்டுக் கிடந்தது.

"கைதியாவாவது உயிரோட வச்சிருக்கான்," என்றாள் மேடம்.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்கப் போனார். அறையில் ஆலோசகரும் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஆலோசகர் பதறவில்லை, பெருமிதப்பட்டார்.

"சுவர் சரியா வேலை செய்யுதுன்னு இவரே சொல்றாரு பாருங்க. நிறுவனத்தோட நற்பேரைக் கெடுக்கற தகவல்லேருந்தும் பாதுகாக்கணும்னு உங்க ஆபீஸ்லதானே எழுதிக் குடுத்தீங்க? நூத்துக்கு நூறுன்னே வச்சிருக்கலாம். யாரும் நம்ப மாட்டாங்கன்னுதான் மூணு பஸ்ஸைக் குறைச்சேன்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். கோபப்படுகிற மனிதரில்லை அவர். கோபத்தைக் குழுவிடம் ஒப்படைத்துவிடுகிற மனிதர்.

"உங்க அக்கறை எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு கவனிங்க. உங்க பொறுப்பு முகவரைப் பாதுகாக்கறது. முகவர் சொல்றதைப் பாதுகாக்கறது இல்ல."

"சார், அவன் சொல்றதை விட்டா அவன்கிட்ட வேற என்ன சார் இருக்கு?"

இயக்குநர் அதற்குப் பதிலாக மூன்று பேர் விசாரணைக் குழு அமைத்தார். தொழில்நுட்பம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும் என்பதால் ஆலோசகரும் அதில் ஓர் உறுப்பினர். குழு இரண்டு நாள் கூடித் தேநீர் அருந்திக் கண்டுபிடித்தது: பணிமனைகள் மீது தவறில்லை. வரவேற்புக் கணினி விதிப்படி நடந்திருக்கிறது. சீட்டுகளைச் சுமக்கவைத்ததால் முகவரின் பயணம் பதினோரு நொடி தாமதமாகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகவர் ஒரே நாளில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. முகவரி: நடமாடும் முகவர், பாதுகாப்பு அதிகாரி மேற்பார்வை. "தாங்கள் கடந்த திங்களன்று ஓரிடத்தில் 291 என்றும் பிறிதோரிடத்தில் 409 என்றும் முரண்பட்ட தகவல் அளித்துள்ளீர்கள். ஏழு நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்கத் தவறினால், தாங்கள் சொல்வதற்கு ஏதுமில்லை எனக் கருதி நடவடிக்கை எடுக்கப்படும். அதுவரை தாங்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுள்ளீர்கள்."

மேடம் அதை மூன்று முறை படித்தாள். "மறுபடியும் மரியாதையா 'தாங்கள்'னு போட்டிருக்காங்க."

ரிஜிஸ்டர்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் எட்டு வருட சர்வீஸ் இருக்கிறது. மகள் கடைசி வருடம் படிக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் முகவர் பதில் சொல்லாமலே வேலைநீக்கம் ஆகிவிடுவான். ஒருவருக்கும் நஷ்டமில்லை; அழக்கூட அவனுக்கு ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி விசாரித்தாள். எல்லாவற்றையும் கொட்டினார்.

அவள் கேட்டபடியே துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒருத்தர் ரத்தத்துல சர்க்கரை நானூறு வருதுன்னு வைங்க," என்றாள். "நான் அது தொத்துன்னு சொல்லி அழிச்சுட்டு, நூறுன்னு எழுதிக் குடுத்துட்டு, அந்தாளு விழுந்ததும், ஏன்டா ரெண்டு விதமாப் பேசினேன்னு மெஷினுக்கு மெமோ குடுத்தா, நீங்க என்னை என்னன்னு சொல்லுவீங்க?"

"உன்னை நான் என்ன சொல்ல முடியும்?" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"அந்த பஸ்ல நான் போறேன். உங்க பொண்ணு போறா."

மறுநாள் காலை அவர் அலமாரியிலிருந்து ஒழுங்குநடவடிக்கை விதிப் புத்தகத்தை எடுத்தார். அட்டை பிய்ந்த புத்தகம். நிறுவனத்தில் அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். முப்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தபடி மாடியேறினார்.

"மேடம், விளக்கம் குடுக்கறது ஊழியரோட உரிமை. சரியா?"

"முகவர் ஊழியரா சார்?"

"பணியிடை நீக்கம் பண்ணியிருக்காங்களே. ஊழியரா இல்லாதவரை எப்படி நீக்க முடியும்? இப்ப இதைக் கேளுங்க. 'விளக்கத்தின் நகல், தொடர்புடைய ஊழியர் பணியாற்றிய எல்லாப் பிரிவுகளின் அறிவிப்புப் பலகையிலும் பதினைந்து நாட்கள் வைக்கப்பட வேண்டும்.' நம்ம முகவர் எங்கெங்க வேலை பாத்தாரு?"

மேடம் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஒம்பது பணிமனையிலயும்."

"விளக்கத்தோட ஆதாரத்தையும் இணைக்கலாம்னு அடுத்த வரி."

இரண்டு பேரும் சேர்ந்து விளக்கத்தை எழுதினார்கள். அது ரொம்பச் சின்னது. "ஐயா, எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும். நான் எண்ணியது 291. மற்ற எண்ணை நான் சொல்லவில்லை. என் பையில் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட இடம், நேரம், முத்திரை விவரம் இணைப்பு ஒன்றில். நான் எண்ணியவற்றின் முழுப் பட்டியல் இணைப்பு இரண்டில்." இணைப்பு இரண்டில், தனிமை அறையிலிருந்து எடுத்த நூற்று இருபத்தொரு பேருந்துகளின் எண்ணும் ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு என்பதும் இருந்தன.

கையெழுத்துப் போடுகிற இடத்தில், 'முகவருக்காக' என்று எழுதி, பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டார். அதற்குக் கீழே, 'எழுதியவர்' என்று மேடமும் கேட்காமலே போட்டாள்.

ஒன்பது நகல்களும் அன்று மதிய வண்டியிலேயே போயின. காவலர்கள் ரிஜிஸ்டர்காரர் சொன்னால் செய்கிறவர்கள். என்ன ஏது என்று படிக்காமலே பலகையில் குத்திவிட்டார்கள்.

படித்தவர்கள் ஓட்டுநர்கள். மறுநாள் காலை ஐந்தரைக்கு நான்காம் பணிமனையில் தொடங்கியது. சாவி வாங்க வந்த ஒருவர் பலகைமுன் நின்று, "ஏய், என் வண்டி பதிமூணாவது வரியில இருக்குடா! பின்சக்கர பிரேக் இல்லையாம்!" என்று கத்தினார்.

"உனக்குத் தெரியாதா? தினமும் நீதானே ஓட்டுற?"

"தெரியும். ஆனா அவங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியாதே!"

அதற்குமேல் யாரும் யாரையும் தூண்டவில்லை. பட்டியலில் இருந்த வண்டிகளின் சாவிகள் ஆணியிலேயே தொங்கின. எட்டு மணிக்கெல்லாம் ஒன்பது பணிமனைகளிலும் நூற்று இருபத்தொரு பேருந்துகள் வரிசையாக நின்றன. நிறுத்தங்களில் கூட்டம் பிதுங்கியது. நானூற்றொன்பது என்று ஒட்டியிருந்த தாள்களுக்குக் கீழே நின்றுகொண்டு ஜனங்கள் ஏசினார்கள். பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் நான்காம் பணிமனைப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசகரின் கைபேசி தொடர்பு எல்லைக்கு வெளியே போயிருந்தது.

இயக்குநர் ரிஜிஸ்டர்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் சட்டையை இன்னொரு முறை உள்ளே செருகிக்கொண்டு, இனி வரமாட்டோம் என்ற நினைப்பில் அந்த மாடிப்படிகளைப் பார்த்துப் பார்த்து ஏறினார்.

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க?"

அவர் விதிப் புத்தகத்தை நீட்டினார். இயக்குநர் முப்பத்தோராம் பக்கத்தைப் படித்தார். பிறகு அட்டையைத் திருப்பி, இது நம் நிறுவனத்துடையதுதானா என்று பார்த்தார். அதில் தன்னுடைய கையெழுத்தே இருந்தது.

புத்தகத்தை மூடி மேசை ஓரத்தில் வைத்தார்.

"பத்திரிகைக்காரங்க கீழ நிக்கறாங்களா?" என்று கேட்டார் இயக்குநர் கடைசியில்.

"நிக்கறாங்க சார். பேரெல்லாம் எழுதி வாங்கிட்டேன்."

இயக்குநர் எழுந்து தலையை வாரிக்கொண்டார். கீழே இறங்கிப் போய், நிறுவனம் தானே முன்வந்து தன் குறைகளை வெளிப்படையாகப் பலகையில் அறிவித்திருப்பதாகவும், நாட்டிலேயே இப்படி ஒரு முயற்சி இதுதான் முதல் முறை என்றும் பேட்டி கொடுத்தார். மாடிப்படியில் நின்று அதைக் கேட்ட ரிஜிஸ்டர்காரருக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் நின்ற மேடம், "இவர் பேச்சுக்கு முத்திரை வச்சா, மாடி இறங்கறதுக்குள்ள மாறிடும் சார்," என்று முணுமுணுத்தாள்.

பேட்டி கொடுத்துவிட்டால் பேருந்துகளைச் சரிசெய்துதான் ஆகவேண்டும். பிரேக் பட்டைகளும் டயர்களும் வந்து இறங்கின. மெக்கானிக்குகள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்தார்கள். முகவரின் பணியிடை நீக்கம் ரத்தானது; அந்த உத்தரவில், இடைப்பட்ட காலம் பணிக்காலமாகக் கருதப்படும் என்றும் ஒரு வரி இருந்தது. வரவேற்புக் கணினியிலிருந்த அந்தத் தொண்ணூற்றொன்பது விதியை மேடம் எடுத்துவிட்டாள். அடுத்த திங்கள் முகவர் முந்நூற்று மூன்று என்றது. அதற்கடுத்த வாரம் முந்நூற்று இருபது. அதற்கடுத்த வாரம் முந்நூற்றுப் பதினெட்டு. இரண்டு வண்டிகள் புதிதாகக் கெட்டுப்போயிருந்தன. அந்த இரண்டு குறைந்ததைப் பார்த்தபோதுதான் ரிஜிஸ்டர்காரருக்கு எண் மேல் முழு நம்பிக்கை வந்தது.

ஆலோசகர் இரண்டு மாதம் கழித்து, காலணி இன்னும் பளபளக்கத் திரும்பி வந்தார். திரையில் வெங்காயத்துக்குப் பதிலாக மூன்று பிரதிகளும் அரக்கு முத்திரையும். மூன்றாம் கட்டம், தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். மேசையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். மேடம் மட்டும், "இது ஓடிக்கிட்டே இருக்கே சார், இதுல புதுசா என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டாள். ஆவணப்படுத்தப்போவதாக ஆலோசகர் சொன்னார்.

அதே வாரம் புதுச் சுற்றறிக்கை ஒன்றும் வந்தது. முந்தைய சுற்றறிக்கையில் 'பாதுகாப்பு' என்று வருமிடத்தில் 'கட்டடப் பாதுகாப்பு மட்டும்' என்று திருத்தி வாசிக்கவும்.

மேடம் அதை எடுத்துக்கொண்டு அவளாகவே கீழே இறங்கி வாசலுக்கு வந்தாள். மூன்றாம் மாடியிலிருந்து அவள் வேலை நேரத்தில் இறங்கி வந்ததை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வருத்தமா இருக்கா சார்?"

"வருத்தம்னு இல்ல. அவன் போற வீடெல்லாம் இனிமே யார் பாத்துப்பாங்கன்னு ஒரு நினைப்பு."

"நான் பாத்துக்கறேன். திங்கட்கிழமை ஒம்பது மணிக்கு நீங்க மேல வந்தா வேணாம்னு யார் சொல்லப்போறா? சுற்றறிக்கையில தேநீர் குடிக்கக் கூடாதுன்னு எழுதலியே."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. அதற்குள் கதவருகே ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. டயர் ஏற்றிய லாரி. ஓட்டுநர் சீட்டை நீட்டி, "நாப்பது சார், சீக்கிரம் திறங்க" என்றார். ரிஜிஸ்டர்காரர் லாரியின் பின்பக்கம் ஏறி எண்ணத் தொடங்கினார். முப்பத்தெட்டு வரைதான் வந்தது.

"இறங்குங்க தம்பி," என்றார், பேனாவின் மூடியைக் கழற்றியபடி. "இதுக்கு நேரமாகும்."